டியூப் பர்ஸ், செயின் சாவிக்கொத்து: தொழிலில் சறுக்கும் இடங்கள்

பஞ்சர் கடைக் கொக்கியில் தொங்கும் பழைய சைக்கிள் டியூப்களைப் பார்த்து, "இதில் ஒரு பர்ஸ் தைத்தால் என்ன?" என்று தோன்றியவர்களுக்காக இதை எழுதுகிறேன். தாராளமாகத் தைக்கலாம். ஆனால் இந்தத் தொழிலில் கையைச் சுட்டுக்கொண்டவர்களில் பெரும்பாலானோர் கழுவும் தொட்டியடியில்தான் சறுக்கியிருக்கிறார்கள். நானும் அங்கேதான் முதலில் சறுக்கினேன்.

சைக்கிள் கடையில் எல்லாவற்றையும் மண்ணெண்ணெயில் கழுவிப் பழகியிருப்பார்கள். அதே பழக்கத்தில் டியூபையும் அதில் ஊறப்போடுவதுதான் முதல் தவறு. டியூப் பியூட்டைல் ரப்பரானாலும் இயற்கை ரப்பரானாலும், மண்ணெண்ணெயும் பெட்ரோலும் பட்டால் ஊதிப்போகும், பிசுபிசுப்பு ஏறும், வாடை மாதக்கணக்கில் போகாது. என் முதல் சரக்கில் முக்கால்வாசி அப்படித்தான் வீணானது. டியூபை நீளவாக்கில் வெட்டித் திறந்து, உள்ளே படிந்திருக்கும் வெள்ளை மாவு போகும்வரை பாத்திரம் துலக்கும் சோப்பால் இருபுறமும் தேய்த்து, நிழலில் உலர்த்த வேண்டும். காய்ந்தபின் ஈரமான வெள்ளைக் கைக்குட்டையால் அழுத்தித் துடைத்துப் பாருங்கள். துணியில் கருமை ஒட்டினால் மறுபடி கழுவுங்கள். வாங்கியவரின் சட்டைப் பையில் அந்தக் கறை படிந்தால் அவர் திரும்பி வரமாட்டார்.

செயினுக்கு விஷயம் நேர்மாறு. அதற்கு மண்ணெண்ணெய்தான் சரி. ஒவ்வொரு உருளைக்குள்ளும் பல வருடத்து கிரீஸும் தெருப்புழுதியும் இறுகிக் கிடக்கும். ஓரிரவு ஊறவைத்து, மூடியிட்ட டப்பாவில் குலுக்கி, எண்ணெய் கறுக்காமல் தெளியும்வரை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். பிறகு சோப்பு, வெந்நீர், உடனே வெயில். ஈரத்தோடு விட்டால் காலையில் துரு பூத்திருக்கும். கழித்த எண்ணெயைச் சாக்கடையில் கொட்டாதீர்கள். தெளியவைத்தால் அடுத்த செயினுக்கு ஆகும்.

அந்தச் செயினை வளையலாக விற்பதில் எனக்கு உடன்பாடு இல்லை. பல செயின்களுக்கு நிக்கல் பூச்சு உண்டு. சிலருக்கு நிக்கல் பட்டால் தோல் அரித்துத் தடிக்கும். உடலில் நெடுநேரம் ஒட்டியிருக்கும் பொருளிலிருந்து வாரத்திற்குச் சதுர சென்டிமீட்டருக்கு 0.5 மைக்ரோகிராமுக்கு மேல் நிக்கல் வெளியேறக் கூடாது என்று ஐரோப்பிய ஒன்றியம் வரம்பு வைத்திருக்கிறது. நம் ஊர் வியர்வைக்கு இன்னும் கவனம் வேண்டும். சாவிக்கொத்து செய்யுங்கள், பாட்டில் திறப்பான் செய்யுங்கள்; மணிக்கட்டை விட்டுவிடுங்கள்.

அடுத்த தவறு, டியூபை எடை போட்டு மூட்டையாக வாங்குவது. 28 அங்குலச் சக்கரத்து டியூபை வெட்டி நீட்டினால் ஏறத்தாழ இரண்டு மீட்டர் வரும். அதில் நான்கு ஒட்டு இருந்தால் பெரிய துண்டே தேறாது. இரு கட்டைவிரலாலும் இழுத்துப் பாருங்கள். வற்றிய ஏரி வண்டல் போல மெல்லிய வெடிப்புகள் தெரிந்தால் அது தையலைத் தாங்காது. ஒரே ஒரு ஓட்டை உள்ள நல்ல டியூபை வெட்டவே வெட்டாதீர்கள். ஒட்டுப் போட்டால் இன்னும் ஓடக்கூடியது அது. ஓடும் பொருளை அறுத்துப் பர்ஸ் செய்வது நம் வேலை இல்லை.

தையலில் ஒன்றுதான் முக்கியம். துணிக்குப் போடுவது போல நெருக்கமாகத் தைத்தால், தபால்தலை ஓரம் போல ஊசித்துளை வரிசையிலேயே ரப்பர் கிழிந்துவிடும். நான்கு மில்லிமீட்டர் இடைவெளி விடுங்கள். இயந்திரத்தின் பாதம் ரப்பரில் ஒட்டிக்கொண்டு நகராவிட்டால் மேலே ஒரு வெண்ணெய்த்தாளை வைத்துத் தைத்து, பிறகு கிழித்தெடுக்கலாம். சக்கரத்தின் போக்ஸ் கம்பியில் கொக்கி வளைப்பவர்கள் வெட்டுமுனையை அரத்தால் மழுக்காமல் வெளியே விடக் கூடாது.

விலைக்கு வருகிறேன். "மூலப்பொருள் சும்மா கிடைக்கிறது" என்ற நினைப்பில் விலை வைப்பவர்கள் விரைவில் கடையைச் சாத்திவிடுகிறார்கள். சேகரிக்க அலைந்தது, கழுவியது, உலர்த்தியது, கழிவாகப் போனது என எல்லாவற்றையும் நேரக் கணக்காக ஒரு நோட்டில் எழுதுங்கள். தைக்கும் நேரத்தைவிடக் கழுவும் நேரம் அதிகமாக இருப்பதைக் காண்பீர்கள்.

அந்தக் கணக்கில் பஞ்சர் கடைக்காரருக்கும் ஒரு வரி வேண்டும். முதல் வருடம் நான் டியூபைச் சும்மாவே வாங்கிவந்தேன். பிறகு ஒரு டியூபுக்கு இவ்வளவு என்று கொடுக்கத் தொடங்கியபோது, தைத்த பர்ஸ் ஒன்றையும் எடுத்துப்போய்க் காட்டினேன். ஒட்டு இருந்த இடத்தை மறைக்காமல் முன்பக்கமே வைத்திருந்தேன். அவர் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கி, அந்த ஒட்டின் விளிம்பைக் கட்டைவிரலால் தடவினார்.

"இது நான் போட்ட ஒட்டுதான் தம்பி. ஓரம் சாய்த்து வெட்டுவது என் வழக்கம்" என்றார்.

அதன்பின் அவர் கடையில் எனக்கென்று ஒரு தனி ஆணி இருக்கிறது. வெடிப்பில்லாத டியூப்கள் மட்டும் அதில் தொங்குகின்றன.