இரண்டடித் தொட்டியில் நீர்ச்செடி வளர்ப்பது எப்படி? முதலில் செடி, கடைசியில்தான் மீன்

செடி வைத்த மீன் தொட்டி என்றதும் கார்பன் டை ஆக்சைடு சிலிண்டரும் விலை கூடிய லைட்டும் வேண்டுமே என்று பலர் தயங்குகிறார்கள். நம்ம ஊர் சூட்டைத் தாங்கும் செடிகளாகப் பார்த்து வைத்தால் அதெல்லாம் தேவையே இல்லை. தொட்டி வாங்கும் அன்றைக்கே மீன் வாங்காமல் இருந்தால் போதும், பாதி வேலை முடிந்த மாதிரி. சென்னைக்காரர்கள் வண்ண மீன் கடைகள் நிறைந்த கொளத்தூர் போய்விட்டு மீன் வாங்காமல் வருவது கஷ்டம்தான், ஆனாலும் முதல் தடவை செடியோடு மட்டும் திரும்புங்கள்.

தொட்டி

2 அடி நீளம், 1 அடி அகலம், 1 அடி உயரம். கிட்டத்தட்ட 55 லிட்டர் பிடிக்கும். இதைவிடச் சின்னது வேண்டாம், தண்ணீர் குறையக் குறைய சூடும் கழிவும் சட்டென்று ஏறிவிடும். மண், தண்ணீர் எல்லாம் சேர்ந்து 70 கிலோவைத் தாண்டும் என்பதால் ஆட்டமில்லாத மேசை பார்த்து, மேலே தெர்மோகோல் ஷீட் போட்டு வையுங்கள். ஜன்னல் வெயில் நேராகப் படக்கூடாது, பட்டால் பாசிதான் வளரும். தொட்டியை சோப்பு போட்டுக் கழுவாதீர்கள், வெறும் தண்ணீர் போதும்.

மண்

செடியின் சாப்பாடு இங்கேதான் இருக்கிறது, அவசரப்படாதீர்கள். எருவோ உரமோ கலக்காத தோட்டத்து மண்ணை எடுத்து, சல்லடையில் சலித்து, வேர், குப்பை, கல் எல்லாம் நீக்கி 1 அங்குலம் பரப்புங்கள். சாணம் கலந்த மண் தண்ணீருக்குள் போனால் அம்மோனியா கிளம்பும், பின்னால் வரும் மீனுக்கு அது விஷம். இதன் மேல் நன்றாக அலசிய ஆற்று மணலை ஒன்றரை அங்குலம் போட்டு மூடுங்கள். கடல் மணல் கூடாது, அதில் உப்பும் கிளிஞ்சல் தூளும் இருக்கும். வாங்கிய மணலில் கிளிஞ்சல் இருக்கிறதா என்று தெரிய, ஒரு கைப்பிடி காய்ந்த மணல் மேல் கொஞ்சம் வினிகர் ஊற்றிக் காதருகே வைத்துப் பாருங்கள். சர்ரென்று நுரைத்தால் சுண்ணாம்பு இருக்கிறது, தண்ணீரைக் கடினமாக்கிவிடும், அந்த மணல் வேண்டாம்.

தண்ணீர்

மணல் மேல் ஒரு தட்டை வைத்து, அதன் மேல் மெதுவாக ஊற்றினால் மண் கலங்காது. குழாய்த் தண்ணீரில் குளோரின் இருக்கும், கடையில் கிடைக்கும் ஆன்டி-குளோரின் சொட்டு மருந்தை பாட்டிலில் போட்டிருக்கும் அளவுக்குக் கலந்துகொள்ளுங்கள். ஒரு நாள் வாளியில் பிடித்து வைத்தாலும் குளோரின் போய்விடும், ஆனால் குளோரினும் அம்மோனியாவும் சேர்ந்த குளோரமைன் கலந்து வந்தால் அப்படிப் போகாது என்பதால் சொட்டு மருந்தே பத்திரம். வீட்டில் ரொம்பக் கடினமான போர் தண்ணீர்தான் என்றால் பாதிக்குப் பாதி ஆர்ஓ தண்ணீர் சேருங்கள். முழுக்க ஆர்ஓ ஊற்றினால் செடிக்கு வேண்டிய கால்சியமும் மெக்னீசியமும் கிடைக்காது.

செடி

பின்வரிசைக்கு வாலிஸ்னேரியா, நடுவில் இலங்கையிலிருந்து வந்த கிரிப்டோகோரைன் வென்டி, கல்லிலும் கட்டையிலும் ஜாவா ஃபெர்ன், அனுபியாஸ். கூடவே பள்ளியில் ஒளிச்சேர்க்கைச் சோதனைக்குக் காட்டுவார்களே, அந்த ஹைட்ரில்லாவும் ஒரு கொத்து வேண்டும், வேகமாக வளர்ந்து தண்ணீரில் உள்ள அம்மோனியாவை அதுதான் உறிஞ்சும். ஜாவா ஃபெர்னையும் அனுபியாஸையும் மண்ணில் புதைத்தால் அந்தத் தடித்த தண்டு அழுகிவிடும், தையல் நூலால் கல்லில் கட்டிவிடுங்கள். வாலிஸ்னேரியாவுக்கு வேர் மட்டும் மண்ணுக்குள், இலை பிரியும் வெள்ளைக் கழுத்து வெளியே தெரிய வேண்டும்.

நட்ட சில நாளில் கிரிப்டோகோரைன் இலையெல்லாம் கூழாகக் கரைந்து போகலாம். பிடுங்கி எறியாதீர்கள். இடம் மாறியதற்கு அது அப்படித்தான் செய்யும், அழுகிய இலையை மட்டும் கிள்ளி எடுத்துவிட்டுக் காத்திருந்தால் வேரிலிருந்து புது இலை விடும்.

லைட்டுக்கு டைமர் வைத்து தினம் 6 மணி நேரத்தில் தொடங்குங்கள், செடி பிடித்தபின் 8 மணி நேரம் வரை கூட்டலாம்.

காத்திருப்பு

ஸ்பாஞ்ச் பில்டரை ஓடவிட்டு, இரண்டு நாளுக்கு ஒருமுறை ஒரு சிட்டிகை மீன் தீவனம் போட்டு வாருங்கள். அது அழுகி அம்மோனியா வரும், ஒரு வகை பாக்டீரியா அதை நைட்ரைட்டாக்கும், இன்னொரு வகை அதை நைட்ரேட்டாக்கும், நைட்ரேட்டைச் செடி எடுத்துக்கொள்ளும். இந்தச் சங்கிலி அமைய பொதுவாக 4 முதல் 6 வாரம் ஆகும். தண்ணீர் பளிங்கு மாதிரி தெளிந்துவிட்டது என்பதற்காக நம்பிவிடாதீர்கள், அம்மோனியா கண்ணுக்குத் தெரியாது. தண்ணீரைச் சோதிக்கும் டெஸ்ட் கிட்டில் அம்மோனியா, நைட்ரைட் இரண்டும் 0 காட்டினால்தான் தொட்டி தயார். இடையில் கண்ணாடியில் பழுப்பாகப் படிவது புதுத் தொட்டியில் சகஜம், துடைத்தால் போய்விடும்.

மீன்

முதலில் ஐந்து கப்பி, அல்லது பிளாட்டி. கோல்ட்பிஷ் செடியைக் கடித்துப் பிடுங்கிவிடும், இந்தத் தொட்டிக்கு வேண்டாம். பையை அப்படியே 20 நிமிடம் மிதக்கவிட்டு, தொட்டித் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பைக்குள் சேர்த்து, அப்புறம் மீனை மட்டும் வலையால் எடுத்து விடுங்கள். கடைத் தண்ணீர் உள்ளே போகக் கூடாது.

வாரம் ஒருமுறை கால் பங்கு தண்ணீர் மாற்றினால் போதும். பில்டர் ஸ்பாஞ்சை மட்டும் குழாயில் கழுவாதீர்கள், குளோரின் பட்டால் இத்தனை வாரம் வளர்த்த பாக்டீரியா செத்துவிடும். தொட்டியிலிருந்து எடுத்த அந்தப் பழைய தண்ணீரிலேயே இரண்டு பிழி பிழிந்து திரும்ப மாட்டிவிடுங்கள்.