கண்ணாடி முன் நின்று கண்ணாடி வாங்காதீர்கள்

நான் முதலில் வாங்கிய போலரைஸ்டு (தெறிக்கும் ஒளியின் கூச்சத்தைக் குறைக்கும்) கூலிங் கிளாஸ் என் முகத்துக்கு அச்சாகப் பொருந்தியது, சிரிக்காமல் இருக்கும்வரை. சிரித்தால் கன்னம் மேலேறி ஃப்ரேமைத் தூக்கும், அது புருவத்தில் போய் இடிக்கும். வாங்கும்போது ஏன் தெரியவில்லை? கண்ணாடி முன் நிற்கும்போது யார் வாய்விட்டுச் சிரிக்கிறார்கள்? தாடையை உயர்த்தி, முகத்தை இறுக்கி, போஸ்டரில் நிற்கிற மாதிரி நின்று பார்த்துவிட்டுப் பணத்தைக் கட்டிவிடுகிறோம்.

அழகைத்தான் கண்ணாடி காட்டும். சௌகரியத்தைச் சொல்ல வேண்டியது மூக்கும் காதும். அதனால் போட்டுப் பார்க்கும்போது சிரியுங்கள், குனிந்து தரையைப் பாருங்கள், தலையை ஆட்டுங்கள். குனிந்தால் நழுவுகிறதா? இமைமுடி லென்ஸில் உரசுகிறதா? உரசினால் ஒவ்வொரு முறை கண் சிமிட்டும்போதும் லென்ஸில் பிசுக்கு ஏறும். முடிந்தால் பத்து நிமிடம் கழற்றாமல் இருங்கள். நெற்றிப்பொட்டை அழுத்தும் ஃப்ரேம் முதல் நிமிடத்தில் 'கச்சிதமாக' இருப்பதுபோலத்தான் தோன்றும், தலைவலி பிறகுதான் வரும். "போகப் போகத் தளர்ந்துவிடும்" என்று விற்பவர் சொன்னால் நம்ப வேண்டாம். அசிட்டேட் என்ற பிளாஸ்டிக்கில் செய்த ஃப்ரேமைச் சூடாக்கி வளைத்துத் தரலாம், உலோக ஃப்ரேமில் மூக்குத் தாங்கியை நகர்த்தலாம். நைலான் வகைகள் அந்த அளவுக்கு இணங்குவதில்லை.

பலர் கவனிக்காத ஒன்று, காதில் மாட்டும் கம்பியின் உட்புறத்தில் பொடி எழுத்தில் இருக்கும் எண்கள். 55-17-140 என்று இருந்தால், ஒரு லென்ஸின் அகலம் 55 மி.மீ., இரு லென்ஸுக்கும் நடுவில் உள்ள மூக்குப் பாலம் 17 மி.மீ., கம்பியின் நீளம் 140 மி.மீ. ஏற்கெனவே உறுத்தாமல் போட்டுப் பழகிய மூக்குக் கண்ணாடி ஒன்று வீட்டில் இருந்தால் அதன் எண்களைக் குறித்துக்கொண்டு போங்கள். ஆன்லைனில் வாங்குபவர்களுக்கு இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. மூக்குத்தண்டு தாழ்வாக உள்ளவர்கள் பாலத்தின் அளவோடு, மூக்குத் தாங்கி தனியாக இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். இல்லையென்றால் நாள் முழுக்க விரலால் மேலே தள்ளுவதே வேலையாகிவிடும்.

முக வடிவ விதிகளைப் பற்றி அதிகம் சொல்ல மாட்டேன். வட்ட முகத்துக்குக் கோணமான ஃப்ரேம், சதுர முகத்துக்கு வளைவானது என்பதெல்லாம் ஓரளவு சரிதான். ஆனால் முகத்தைவிட ஃப்ரேம் வெகுவாக அகன்றோ குறுகியோ இருந்தால் எந்த வடிவமும் எடுபடாது. முதலில் அகலம், அப்புறம் வடிவம்.

லென்ஸுக்கு வருவோம். இங்கேதான் பெரிய குழப்பம். போலரைஸ்டு என்றால் புற ஊதாக் கதிரையும் தடுத்துவிடும் என்று நினைக்கிறோம். இரண்டும் வேறு வேறு வேலை. தண்ணீரிலும் தார்ச்சாலையிலும் பட்டுத் தெறிக்கும் ஒளியில் பெரும்பகுதி கிடைமட்டமாக அதிரும். போலரைஸ்டு படலம் அதைத் தடுத்து, செங்குத்தாக அதிரும் ஒளியை உள்ளே விடுகிறது. அமெரிக்கக் கண்டுபிடிப்பாளர் எட்வின் லேண்ட் 1929-இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்த செயற்கைப் படலத்தின் வழி வந்ததுதான் இது. கண் கூசாமல் இருப்பது அதனால்தான். புற ஊதாவுக்கு 'யு.வி. 400' என்ற குறிப்பைத் தனியாகத் தேட வேண்டும். 400 நானோமீட்டர் வரை அலைநீளம் உள்ள புற ஊதாக் கதிர்களைத் தடுக்கும் என்று அதற்குப் பொருள். கருப்பு எவ்வளவு அடர்த்தி என்பதை வைத்து இதை முடிவு செய்யக் கூடாது. இருட்டான லென்ஸுக்குப் பின்னால் கண்ணின் பாவை விரியும். லென்ஸில் புற ஊதாத் தடுப்பு இல்லையென்றால் அந்தக் கதிர் உள்ளே போக வாசலை அகலத் திறந்துவிட்ட கதைதான்.

அடர்த்தியை 0 முதல் 4 வரை வகைப்படுத்துகிறார்கள். சாதாரண வெயிலுக்கு 3 போதும், அது 8 முதல் 18 சதவீதம் ஒளியை உள்ளே விடும். வகை 4 அதைவிட இருட்டு, வண்டி ஓட்டும்போது போடவே கூடாது. இரவில் ஓட்ட மஞ்சள் லென்ஸ் என்று விற்பதையும் தவிர்த்துவிடுங்கள். இருக்கிற கொஞ்ச வெளிச்சத்தையும் அது குறைக்கும். பகலில் நிறங்கள் மாறாமல் தெரிய வேண்டுமானால் சாம்பல் நிறம், மேடு பள்ளம் துலக்கமாகத் தெரிய வேண்டுமானால் பழுப்பு.

உண்மையிலேயே போலரைஸ்டுதானா என்று பார்க்க, எல்.சி.டி. திரை ஒன்றின் முன் கண்ணாடியைப் பிடித்து மெல்லத் திருப்புங்கள். ஏதோ ஒரு கோணத்தில் திரை கருத்துவிடும். இதே காரணத்தால்தான் சில போன் திரைகளும் வண்டியின் டிஜிட்டல் மீட்டர்களும் போலரைஸ்டு லென்ஸ் வழியே மங்கலாகத் தெரியும். வேலை நேரம் முழுக்கத் திரையைப் பார்த்தபடி ஓட்டுபவர் வாங்குவதற்கு முன்பே தம் திரையோடு இதைச் சோதித்துக்கொள்வது நல்லது.

நல்லதாகப் பார்த்து வாங்கிய பிறகும் ஒரு தவறு பாக்கி இருக்கிறது. என் இரண்டாவது கண்ணாடியை வெயிலில் நின்ற காருக்குள், முன்கண்ணாடிக்கு அடியில் வைத்துவிட்டுப் போனேன். பல போலரைஸ்டு லென்ஸ்கள் படலங்களை அடுக்கி ஒட்டிச் செய்தவை, சூட்டில் அந்த ஒட்டு விட்டுப்போகும். திரும்பி வந்தபோது ஓரத்தில் சின்னக் குமிழ்கள். சட்டை நுனியால் அழுத்தி அழுத்தித் துடைத்தேன், குமிழ் போகவில்லை, கூடுதலாக நாலு கீறல்தான் விழுந்தது.