சைக்காலஜி படிச்சுட்டு இன்டர்வியூ போறீங்களா? மொதல்ல ரெக்கார்ட் நோட்டை எடுங்க

பி.எஸ்சி சைக்காலஜி முடிச்சவங்க ஹெச்ஆர், ரெக்ரூட்டர், மார்க்கெட் ரிசர்ச், டிரெயினிங் மாதிரி வேலைக்கு இன்டர்வியூ போனா முக்கால்வாசி பேர் தடுமாறுற இடம் ஒண்ணுதான். "இந்த படிப்புல என்ன கத்துக்கிட்ட?"னு கேட்டதும் "மனுஷங்கள நல்லா புரிஞ்சுக்குவேன் சார்"னு சொல்லிடறாங்க. பத்து வருஷமா கடை வச்சிருக்கற அண்ணாச்சியும் அதையேதான் சொல்வாரு, அவருக்கு அது நெஜமாவே வரும். மூணு வருஷம் உக்காந்து நீங்க செஞ்ச வேலை எதுவும் அந்த பதில்ல இல்லையே, அதான் எனக்கு வருத்தம்.

அதனால மொதல்ல பரண்ல போட்ட பிராக்டிகல் ரெக்கார்டை எடுத்து புரட்டுங்க. மார்க்குக்காக எழுதுன அந்த நோட்டுலதான் உங்க பதில் எல்லாம் இருக்கு.

உதாரணத்துக்கு அம்புமுனை கோடு, அதாவது முனைல இருக்கற அம்புக்குறியால ஒரே நீள கோடுங்க வேற வேற நீளமா தெரியுற முல்லர்-லையர் எக்ஸ்பெரிமென்ட்டை எடுத்துக்குவோம். எல்லா காலேஜ்லயும் பண்ற சாதாரண எக்ஸ்பெரிமென்ட்தான், ஆனா என்ன பண்ணீங்கன்னு யோசிச்சு பாருங்க. சோதனைல கலந்துக்கிட்ட ஒவ்வொருத்தருக்கும் அதே இன்ஸ்ட்ரக்ஷனை அப்படியே படிச்சீங்க, கோட்டை ஒரு தடவை பெருசுல இருந்து சின்னதுக்கும் அடுத்த தடவை சின்னதுல இருந்து பெருசுக்கும் நகர்த்த சொன்னீங்க, ஏன்னா ஒரே பக்கமா நகர்த்துனா அந்த பழக்கமே ரிசல்ட்டை ஒரு பக்கம் இழுத்துடும், கடைசில எல்லாத்துக்கும் சராசரி எடுத்தீங்க. ரெக்ரூட்டர் வேலைக்கு போறவங்க இதை இப்படி சொல்லலாம்: "ஒரே வேலைக்கு வர்ற எல்லார்கிட்டயும் ஒரே கேள்விய ஒரே மாதிரி கேட்டாதான் மார்க்கை ஒப்பிட முடியும், காலேஜ்ல எக்ஸ்பெரிமென்ட் பண்றப்ப அந்த ஒழுங்கை பழகியிருக்கேன்."

இதுக்கு மேல ஒரு படி போகணும்னா, இன்டர்வியூவே நம்ம சப்ஜெக்ட்தான்னு ஞாபகம் வச்சுக்கோங்க. 1998ல ஷ்மிட், ஹன்டர்னு ரெண்டு சைக்காலஜி ஆராய்ச்சியாளர்கள் 85 வருஷ ஆராய்ச்சிய திரட்டி பாத்தாங்க. கேள்விய முன்னாடியே முடிவு பண்ணி வரிசையா கேக்குற இன்டர்வியூவுக்கும் ஒருத்தர் வேலைல எப்படி இருப்பாருங்கறதுக்கும் உள்ள தொடர்பு 0.51 (1னா முழு தொடர்பு, 0னா தொடர்பே இல்ல), மனசுக்கு வந்ததை கேக்குற இன்டர்வியூவுக்கு 0.38. 2022ல சாக்கெட்ங்கற ஆராய்ச்சியாளரோட குழு திரும்ப கணக்கு போட்டப்ப நிறைய நம்பர் இறங்குச்சு, ஆனாலும் திட்டமிட்ட இன்டர்வியூதான் 0.42ஓட மேல நின்னுச்சு. ஹெச்ஆர் பேனல் முன்னாடி இதை அலட்டிக்காம ரெண்டு வரில சொன்னா கண்டிப்பா நிமிந்து பாப்பாங்க.

டிரெயினிங் வேலையா இருந்தா மிரர் டிராயிங்கை எடுங்க. கண்ணாடில பாத்து நட்சத்திரம் வரையறப்ப மொதல் சில தடவை நேரமும் தப்பும் எகிறும், அப்புறம் மெல்ல குறையும், அந்த கிராஃபை நீங்களே போட்டிருப்பீங்க. புதுசா சேந்தவங்க மொதல் வாரம் தப்பு பண்றதை எப்படி பாக்கணும், எந்த இடத்துல கூட நின்னு உதவணும்னு பேச இதைவிட நல்ல தொடக்கம் கிடையாது.

அடுத்து ஃபைனல் இயர் புராஜெக்ட். இதுலதான் அதிக நேரம் செலவு பண்ணி தயாராகணும். "எஸ்பிஎஸ்எஸ் தெரியும்"னு புள்ளிவிவர சாஃப்ட்வேர் பேரை மட்டும் சொல்லாதீங்க. கேள்வித்தாளை எங்க இருந்து எடுத்தீங்க, அதை அனுப்பி எத்தனை பேர் பாதில விட்டாங்க, அந்த பதில்களை என்ன பண்ணீங்க, தலைகீழா எழுதுன கேள்விகளுக்கு மார்க்கை திருப்பி போட்டீங்களா, ரெண்டு குழுவோட சராசரிய ஒப்பிடுற டி-டெஸ்ட்டை ஏன் போட்டீங்க, இதெல்லாம் உங்க வாயால வரணும். கூடவே ஒரு விஷயம், "நாங்க பண்ணோம், நாங்க பண்ணோம்"னே சொல்லிட்டு இருந்தா நீங்க என்ன பண்ணீங்கன்னு அவங்களுக்கு தெரியாமலே போயிடும். நிலைமை என்ன, உங்க பொறுப்பு என்ன, நீங்க என்ன செஞ்சீங்க, கடைசில என்ன ஆச்சு, இந்த நாலும் ரெண்டு நிமிஷத்துக்குள்ள வந்துடணும்.

தொடர்பு இருந்தா அதுதான் காரணம்னு சொல்லிட முடியாதுன்னு படிச்சோம்ல, அதை கம்பெனி பாஷைல சொல்லி பழகுங்க. வீட்ல இருந்து வேலை பாக்கறவங்க அதிகமா ரிசைன் பண்றாங்கன்னு டேட்டா வந்தா, வீட்ல இருக்கறதுதான் காரணமா, இல்ல அந்த டீம்ல சம்பளமே கம்மியா, இல்ல அவங்க எல்லாரும் புதுசா சேந்தவங்களான்னு பாக்கணும்னு சொல்லுங்க. இப்படி யோசிக்கறவங்கள ஒரு நல்ல மேனேஜர் விடமாட்டாரு.

"நான் இப்ப என்ன நினைக்கறேன்னு சொல்லு பாப்போம்"னு எப்படியும் ஒருத்தர் கேப்பாரு. கோவப்படாதீங்க, நெளியாதீங்க. "அது யாராலயும் முடியாது சார், ஆனா நீங்க ஏன் அப்படி நினைக்கறீங்கன்னு தெரிஞ்சுக்க எந்த கேள்விய எப்படி கேக்கணும்னு கத்துக்கிட்டிருக்கேன்"னு சிரிச்சுட்டே சொன்னா போதும். ஆளுமைய வகை பிரிக்கற எம்பிடிஐ டெஸ்ட் பத்தி கேட்டாலும் அதே நிதானம்தான், பேச்ச ஆரம்பிக்க உதவும், ஆனா அதை வச்சு ஆள் எடுக்கறது சரியில்லன்னு சொல்லுங்க, மட்டம் தட்டாதீங்க.

இன்டர்ன்ஷிப் பத்தி பேசறப்ப ரொம்ப கவனமா இருங்க. ஆஸ்பத்திரிலயோ ஸ்கூல்லயோ பாத்த கேஸை கதையா சொல்லவே கூடாது, பேரை மறைச்சாலும் ஊரும் வயசும் சொன்னா ஆளை கண்டுபிடிச்சிடலாம். 2017 மனநல பராமரிப்பு சட்டத்துல ரகசியம் காக்கப்படறது அந்த நபரோட உரிமை. இன்டர்வியூ எடுக்கறவங்க வற்புறுத்தி கேட்டாலும் "அதை சொல்ல முடியாது மேடம், என் வேலை என்னங்கறதை சொல்றேன்"னு மறுத்துடுங்க, எம்ப்ளாயி ஃபைல் கையில வர்ற வேலைக்கு அந்த மறுப்பே பெரிய தகுதி. அதே மாதிரி பி.எஸ்சி முடிச்சதும் கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட்னு ரெஸ்யூமேல போட்டுக்காதீங்க, அதுக்கு தனி படிப்பும் ஆர்சிஐ (இந்திய மறுவாழ்வு கவுன்சில்) பதிவும் வேணும்.

இங்கிலீஷ்ல பேச தயக்கமா இருக்கறவங்க, மொதல்ல எல்லா பதிலையும் தமிழ்ல காமர்ஸ் படிச்ச ஒரு ஃப்ரெண்டுகிட்ட சொல்லி பாருங்க. அவங்க நடுவுல "அப்படின்னா?"னு கேக்குற ஒவ்வொரு இடத்தையும் குறிச்சு வச்சு அந்த வார்த்தைய மாத்துங்க, அவங்க கேள்வியே கேக்காம தலையாட்டுற அளவுக்கு வந்ததுக்கு அப்புறம் அதை இங்கிலீஷ்ல சத்தமா பேசி பழகுங்க.