பழைய டிரக்குக்கு ஆஃப்டர்மார்க்கெட் பேனல்: பெயின்ட் டப்பாவைத் திறப்பதற்கு முன்பே நடந்துவிடும் தவறுகள்

பழைய பிக்கப் டிரக்கில் ஒரு ஃபெண்டரோ (முன் சக்கரத்தை மூடும் பக்கத் தகடு) கதவோ நசுங்கினால், கம்பெனி பார்ட் தேடுவது பெரும்பாலும் வீண் அலைச்சல். மாடலே நின்று பல வருடம் ஆகியிருக்கும். எங்கேயாவது ஒன்று கிடைத்தாலும் விலை வண்டியின் விலையோடு போட்டி போடும். அதனால் ஆஃப்டர்மார்க்கெட் பேனல், அதாவது வண்டிக் கம்பெனி அல்லாத வேறொருவர் செய்து விற்கும் பேனல், வாங்குவதில் தப்பே இல்லை. வந்த பேனலுக்குப் பெயின்ட் அடித்து, காயவைத்து, அப்புறம் மாட்டிப் பார்க்கிறார்களே, அங்கேதான் காசு கரைகிறது.

இந்த பேனல்கள் வேறு அச்சில் அழுத்தப்பட்டவை. போல்ட் துளை ஓரிரு மில்லிமீட்டர் தள்ளியிருக்கலாம், ஓரத்து மடிப்பு சற்று விரிந்திருக்கலாம், வளைகோடு பக்கத்துக் கதவின் கோட்டோடு சேராமல் போகலாம். வெறும் தகடாக இருக்கும்போது இதெல்லாம் சின்ன வேலை: வட்ட அரத்தால் துளையை நீளமாக்கலாம், மடிப்பை மரக்கட்டை வைத்துத் தட்டி ஒதுக்கலாம். பெயின்ட் ஏறிய பிறகு அதே வேலையைச் செய்தால் பெயின்ட் போகும், வெடித்த இடத்தில் துருவும் வரும். இன்னொன்று, பெயின்ட் அடித்த அல்லது துளை போட்ட பேனலைப் பொதுவாகக் கடைக்காரர் திரும்ப வாங்கமாட்டார்.

மாட்டிப் பார்ப்பது என்றால் நாலு போல்ட் போட்டுத் தூரத்தில் நின்று பார்ப்பதல்ல. ஹெட்லைட், கிரில், பம்பர், ஓரத்து ரப்பர் எல்லாவற்றையும் வைத்துப் பார்க்க வேண்டும். ஃபெண்டர் சரியாக உட்கார்ந்து, ஹெட்லைட் உட்காராமல் போவது சாதாரணமாக நடப்பது. அதனால் பழைய பேனலை வேலை முடியும்வரை தூக்கிப் போடாதீர்கள். கிளிப், பிராக்கெட், வெல்ட் செய்த நட்டு என்று புதியதில் இல்லாத ஏதோ ஒன்று அதில் இருக்கும்.

மாட்டும் வரிசைக்கும் ஒரு காரணம் உண்டு. கதவு கேபினில் தொங்குகிறது. அதன் துவாரம் நகராது. ஆகவே முதலில் கதவை அதன் துவாரத்துக்குச் சரி செய்ய வேண்டும். அப்புறம் கதவைப் பார்த்து ஃபெண்டர், இரண்டு ஃபெண்டர்களையும் பார்த்து பானெட். முன்னாலிருந்து தொடங்கினால், கடைசியில் எல்லாப் பிசகும் கதவருகே வந்து சேரும். அங்கே நகர்த்த இடம் இருக்காது. எல்லா போல்ட்டையும் விரலால் மட்டும் திருகிவைத்து, இடைவெளி மேலிருந்து கீழ்வரை ஒரே அளவாக வந்த பிறகு முறுக்குங்கள். கீலைக் கழற்றுவதற்கு முன் அதைச் சுற்றி ஒரு கோடு கீறிவைத்தால் பாதி வேலை மிச்சம்.

பேனல்மீது பழி போடுவதற்கு முன்

“டூப்ளிகேட் பார்ட், உட்காரவே இல்லை” என்று புலம்புகிற பல இடங்களில் பேனல் நிரபராதி. கோணியிருப்பது வண்டி. அடி வாங்கிய டிரக்கில் ரேடியேட்டரைத் தாங்கும் முன் சட்டம் ஒரு பக்கம் இழுத்திருக்கும். பானெட் திறப்பின் குறுக்கு அளவுகளை, இடது பின் மூலையிலிருந்து வலது முன் மூலைக்கும் பிறகு அதற்கு எதிராகவும், டேப்பால் எடுத்துப் பாருங்கள். இரண்டுக்கும் வித்தியாசம் இருந்தால் முதலில் சட்டத்தை இழுத்து நேராக்கும் வேலைதான். கேபினுக்கும் சேஸிஸுக்கும் நடுவே இருக்கும் ரப்பர் புஷ்கள் வருடக்கணக்கில் நசுங்கியிருந்தால், ஒரு பக்கம் கேபினே இறங்கியிருக்கும். அந்த நிலையில் எந்த ஃபெண்டரும் சேராது.

கதவுக்கு ஒரு சோதனை இருக்கிறது, ஸ்பானர்கூட வேண்டாம். கதவைப் பாதி திறந்து, கைப்பிடிப் பக்கத்து ஓரத்தைப் பிடித்து மேலே தூக்குங்கள். கேபின் அசைவதற்கு முன் கதவு மட்டும் மேலே ஏறினால் கீலில் இருக்கும் பின்னும் புஷ்ஷும் தேய்ந்துவிட்டன. அவற்றை மாற்றாமல் புதுக் கதவு மாட்டினால் அதுவும் அதே அளவு தொங்கும்.

வாங்கும்போது

வருடத்தை மட்டும் சொல்லி வாங்குவது போதாது. ஒரே வருட மாடலில்கூட நடுவில் மாற்றம் செய்திருப்பார்கள். கதவுத் தூணில் இருக்கும் தகட்டில் வண்டி எந்த மாதம் தயாரானது என்று பாருங்கள். ஆன்டெனா துளை, பக்க இண்டிகேட்டர் துளை, மோல்டிங் துளைகள் இவற்றைப் பழைய பேனலோடு ஒப்பிட வேண்டும். பின் தொட்டியின் பக்கத் தகடு என்றால் தொட்டியின் நீளமும் டீசல் மூடி இருக்கும் இடமும். பெட்டி வந்ததும் பிரித்து, ஓரங்களைத் தடவிப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். போக்குவரத்தில் மடங்குவது மூலைகள்தான்.

தரச் சான்று கிடைத்தால் நல்லது. அமெரிக்காவில் 1987-இல் தொடங்கிய காபா என்ற அமைப்பு இத்தகைய பார்ட்டுகளின் பொருத்தத்தையும் பொருளையும் சோதித்துச் சான்று கொடுக்கிறது. மிகப் பழைய மாடல்களுக்குச் சான்று பெற்ற பேனல் அரிது. என் கணக்கு இதுதான்: ஃபெண்டருக்கு ஆஃப்டர்மார்க்கெட் தாராளமாகப் போகலாம், முழுக் கதவு என்றால், உடைத்த வண்டியிலிருந்து துருப்பிடிக்காத ஒரிஜினல் கதவு கிடைத்தால் அதையே எடுப்பேன். கதவுக்குள் கண்ணாடி ஓடும் தடம், பூட்டு, கம்பிகள் எல்லாம் மில்லிமீட்டர் கணக்கில் உட்கார வேண்டியவை.

பேனலில் இருக்கும் கறுப்புப் பூச்சை அப்படியே பிரைமர் என்று நம்பிவிடுவதும் பழக்கமான தவறு. தெரியாத ஓர் ஓரத்தில் லாக்கர் தின்னர் நனைத்த துணியால் நன்றாகத் தேயுங்கள். கறுப்பு துணியில் கரைந்து வந்தால் அது வழியில் துருப்பிடிக்காமல் இருக்க அடித்த தற்காலிகப் பூச்சு. வெறும் தகடுவரை எடுத்துவிட்டு எபாக்ஸி பிரைமர் அடிக்க வேண்டும். கரையவில்லை என்றால் அது மின்முறையில் ஏற்றிய நல்ல பூச்சு; அதைச் சுரண்டாமல் 320 நம்பர் உப்புத்தாளால் லேசாகச் சொரசொரப்பாக்கி மேலே பிரைமர் அடித்தால் போதும்.

வெல்டிங் செய்யும் இடங்கள்

கதவுக்கு அடியில் ஓடும் ராக்கர் பேனலும் கேபினின் பின் மூலையும் பழைய டிரக்கில் முதலில் அரிக்கும் இடங்கள். துருவை வெட்டாமல் அதன்மேலேயே புதுத் தகட்டைப் போர்த்தி வெல்ட் செய்து விற்கும் ஆட்கள் உண்டு. உள்ளே மாட்டிய ஈரம் புதுத் தகட்டைப் பின்பக்கத்திலிருந்து தின்னும். வெளித் தகட்டைத் திறந்தால் உள் ராக்கரும் போயிருப்பது சகஜம். இரண்டையும் சேர்த்துக் கணக்குப் போட்டு வாங்குவது புத்திசாலித்தனம்.

ராக்கர் வெறும் அலங்காரத் தகடு அல்ல, கதவுத் துவாரத்தின் அடிச்சட்டமே அதுதான். அதை வெட்டுவதற்கு முன் துவாரத்தின் குறுக்கே இரும்புக் குழாய் வைத்துப் பிடிவெல்ட் போட வேண்டும். இல்லையென்றால் துவாரம் லேசாகச் சுருங்கும், வெல்டிங் முடிந்த பிறகு கதவு மூடாது, அதைத் திரும்பச் சரிசெய்ய மறுபடி வெட்டுவதைத் தவிர வழி கிடையாது.

தகடு ஒரு மில்லிமீட்டர்கூடத் தேறாது. நீளமாக ஒரே இழுப்பில் வெல்ட் செய்தால் அப்பளமாகச் சுருண்டுவிடும். புள்ளி புள்ளியாக, இடம் மாற்றி மாற்றி, ஆறவிட்டுச் செய்ய வேண்டும். பேட்டரியைக் கழற்றிவிடுங்கள். டீசல், பெட்ரோல் குழாய் எங்கே ஓடுகிறது என்று பார்த்துவிட்டுத் தொடங்குங்கள். துத்தநாகம் பூசிய தகட்டில் வரும் வெள்ளைப் புகையை மூச்சில் இழுத்தால் அன்றிரவே குளிரும் காய்ச்சலும் வரும். வெல்ட் வரும் இடத்தில் பூச்சைத் தேய்த்துவிட்டுக் காற்றோட்டத்தில் வேலை செய்யுங்கள். தகட்டைத் துடைக்கக் குளோரின் கலந்த பிரேக் கிளீனர் மட்டும் வேண்டவே வேண்டாம், வெல்டிங் வெப்பத்திலும் ஒளியிலும் அதிலிருந்து ஃபாஸ்ஜீன் என்ற கொடிய நச்சுவாயு உண்டாகும்.

பானெட், பெயின்ட், கடைசியாக உள்பக்கம்

புது பானெட்டை முதல்முறை ஓங்கி அறையாதீர்கள்; ஒருவர் மெதுவாக இறக்க, இன்னொருவர் பக்கவாட்டில் குனிந்து கொக்கி பூட்டுக்குள் நேராக இறங்குகிறதா என்று பார்க்க வேண்டும். முதல் பூட்டு விடுபட்டாலும் பிடித்துக்கொள்ளும் இரண்டாவது கொக்கி வேலை செய்யாத பானெட்டோடு ரோட்டுக்குப் போகக்கூடாது. அது கண்ணாடியில் வந்து அறையும்.

பெயின்ட் குறியீட்டை வைத்துக் கலந்த நிறம் வெயிலில் வெளுத்த வண்டியோடு சேராது. பக்கத்து பேனலுக்குள் கொஞ்சம் மங்கலாக இழுத்து அடிக்கச் சொல்லுங்கள். ஹார்ட்னர் கலந்த பெயின்ட்டில் மூச்சுக்குழலைக் கெடுக்கும் ஐசோசயனேட் என்ற ரசாயனம் இருக்கும். துணி மாஸ்க்கும் தூசி மாஸ்க்கும் அதற்குச் சும்மா. வெளியிலிருந்து சுத்தமான காற்று வரும் முகமூடி இல்லாதவர்கள் இந்தப் பகுதியைப் பெயின்டரிடம் விட்டுவிடலாம்.

வெல்டிங் செய்த இடத்தின் உள்பக்கப் பூச்சு வெப்பத்தில் எரிந்துபோயிருக்கும். மூட்டுகளில் சீலரை வெறும் தகட்டில் பூசாமல் பிரைமருக்கு மேல் பூசுங்கள். பெயின்ட் காய்ந்த பிறகு, நீளக் குழாய் வைத்த ஸ்பிரேயால் ராக்கருக்குள்ளும் கதவுக்குள்ளும் துருத்தடுப்பு மெழுகு அடியுங்கள். முடித்ததும் ஒரு கம்பியை எடுத்து அடியில் இருக்கும் தண்ணீர் வடியும் துளைகளை ஒவ்வொன்றாகக் குத்திப் பாருங்கள். சீலரோ மெழுகோ அடைத்திருந்தால் அப்போதே திறந்துவிடலாம்.