டெக்சாஸில் உறைபனி வருமுன்: வீட்டுத் தண்ணீர் பைப்புகளைக் காப்பது எப்படி?

ஹூஸ்டனுக்குக் குடிவந்தபோது கம்பளிச் சட்டைகளை எல்லாம் யாருக்கோ கொடுத்துவிட்டேன். டிசம்பரிலேயே அரைக்கைச் சட்டை போதுமான ஊர் இது. 2021 பிப்ரவரி 15 விடிவதற்குள் மின்சாரம் போனது. அந்த வாரம் மாநிலத்தில் வீடுகளும் கடைகளுமாக 45 லட்சம் இடங்கள்வரை இருட்டில் கிடந்தன. மறுநாள் ஹூஸ்டனில் 13 டிகிரி ஃபாரன்ஹீட், அதாவது செல்சியஸில் மைனஸ் 10-க்கும் கீழே. டாலஸில் மைனஸ் 2 ஃபாரன்ஹீட்.

குளிரைப் போர்வையில் சுருண்டு சமாளித்துவிட்டோம். சமாளிக்க முடியாதது தண்ணீர். வெயில் வந்து ‘அப்பாடா’ என்று காபி போட்டபோதுதான் நடைவழிக் கூரை ஈரமாகி, தொப்பென்று விழுந்தது. தண்ணீரை எங்கே அடைப்பது என்று எனக்குத் தெரியவில்லை. எதிர்வீட்டுப் பெரியவர் தண்ணீர் வால்வை மூடும் நீளமான இரும்புச் சாவியோடு ஓடிவருவதற்குள் வீட்டுக்குள் கணுக்கால் நனையும் அளவுக்குத் தண்ணீர்.

காரணம் இதுதான். தண்ணீர் உறையும்போது சுமார் 9 சதவீதம் விரியும். உறைந்த இடத்துக்கும் மூடிய குழாய்க்கும் நடுவே மாட்டிக்கொண்ட தண்ணீர் போக்கிடமின்றி அழுத்தி, பைப்பைப் பிளக்கிறது. அப்போதைக்குப் பனிக்கட்டியே அடைப்பாக நிற்பதால் வெளியே தெரியாது. உருகியதும் கொட்டும். இங்குள்ள வீடுகள் வெயிலை நினைத்துக் கட்டியவை. கூரைக்கு அடியில் இருக்கும் அட்டிக் வழியாகவே பல வீடுகளில் பைப் ஓடுகிறது.

படி 1: வீட்டுக்கு வரும் தண்ணீரை அடைக்கும் மெயின் வால்வைக் கண்டுபிடியுங்கள். இன்றைக்கே.

மற்றதை எல்லாம் மறந்தாலும் இதை மறக்க வேண்டாம். தெருவோரப் புல்லில், தரையோடு தரையாக ஒரு மூடி இருக்கும். அதற்குள்தான் தண்ணீர் மீட்டர். ஸ்க்ரூடிரைவரால் நெம்பித் திறங்கள். கையை உடனே உள்ளே விடாதீர்கள், கட்டெறும்பு குடியிருக்கலாம். மீட்டருக்கு வீட்டுப் பக்கம் உள்ள வால்வு உங்களுடையது. சில வீடுகளில் பைப் உள்ளே நுழையும் வெளிச்சுவரில் இருக்கும். கைப்பிடி பைப்புக்குக் குறுக்கே நின்றால் மூடியிருக்கிறது, நீளவாக்கில் நின்றால் திறந்திருக்கிறது. ஒரு தடவை மூடிவிட்டுச் சமையலறைக் குழாயைத் திறந்து பாருங்கள். சொட்டி நின்றால் சரியான வால்வு. அபார்ட்மென்ட் என்றால் அலுவலகத்தில் கேளுங்கள்.

படி 2: இரண்டு நாள் முன்னால்

தண்ணீர் உறையும் 32 டிகிரி ஃபாரன்ஹீட் என்றதும் பதற வேண்டாம். ஒரு போர்வையும் சுற்றாத பைப்புக்கு ஆபத்து பெரும்பாலும் 20 டிகிரி ஃபாரன்ஹீட்டை ஒட்டித் தொடங்குகிறது. அந்த எண் முன்னறிவிப்பில் வந்தால் கடைக்குக் கிளம்புங்கள். முந்தைய நாள் போனால் அலமாரி காலியாக இருக்கும். பைப்புக்கு ஃபோம் உறை, தோட்டத்துக் குழாய்க்கு மூடி வாங்குங்கள். கிடைக்காவிட்டால் பழைய துண்டைச் சுற்றி, பிளாஸ்டிக் பையால் மூடி, டேப் ஒட்டுங்கள். தோட்டத்துக் குழாயில் மாட்டிய ஹோஸைக் கழற்ற மறக்காதீர்கள். அதில் நிற்கும் தண்ணீர் உறைந்தால் சுவருக்குள் இருக்கும் பைப்பையும் கெடுக்கும்.

அப்புறம் கறிவேப்பிலை. தொட்டியை உள்ளே தூக்கி வைத்துவிடுங்கள். தரையில் நிற்கும் முருங்கையின் அடிமரத்தைச் சுற்றிச் சருகைக் குவித்தால், மேலே கருகினாலும் வேரிலிருந்து துளிர்க்க வாய்ப்புண்டு.

படி 3: குளிர் இறங்கும் மாலை

தண்ணீர் வீட்டுக்குள் நுழையும் இடத்திலிருந்து தூரமாக உள்ள குழாயை, சூடு, குளிர் இரண்டு பக்கமும் லேசாகத் திறந்து சொட்டவிடுங்கள். இதனால் அழுத்தம் சேராது. வெளிச்சுவரை ஒட்டிய சிங்குகளுக்குக் கீழே உள்ள அலமாரிக் கதவுகளைத் திறந்து வையுங்கள். வீட்டைச் சூடாக்கும் ஹீட்டரை இரவில் குறைக்காதீர்கள். குடிக்கப் பாத்திரங்களிலும், டாய்லெட்டுக்கு ஊற்றக் குளியல் தொட்டியிலும் தண்ணீர் பிடித்து வையுங்கள்.

ஒரு விதிவிலக்கு. 2021-இல் ஊர் முழுக்கக் குழாய் சொட்டியும் பைப் உடைந்தும் அழுத்தம் சரிந்ததால், சொட்டவிட வேண்டாம் என்று ஹூஸ்டன் மாநகரம் கேட்டுக்கொண்டது. அப்படி அறிவித்தால் மெயின் வால்வை மூடி, எல்லாக் குழாய்களையும் திறந்து பைப்பைக் காலிசெய்யுங்கள். தண்ணீர் சூடாக்கும் ஹீட்டரையும் அணைத்துவிடுங்கள்.

படி 4: மின்சாரம் போனால்

கரி அடுப்பை வீட்டுக்குள் கொண்டுவராதீர்கள். கராஜில் காரை ஓடவிட்டு உட்காராதீர்கள், கதவு திறந்திருந்தாலும் கூடாது. ஜெனரேட்டர் வீட்டிலிருந்து 20 அடியாவது தள்ளி இருக்க வேண்டும். கார்பன் மோனாக்சைடுக்கு வாடை கிடையாது. தூக்கத்திலேயே ஆளைக் கொல்லும். அந்த வாரம் டெக்சாஸில் குளிருக்குப் பயந்து இப்படி உயிர்விட்டவர்கள் உண்டு. ஒரே அறையில் எல்லோரும் கூடி, கதவிடுக்கில் துண்டைச் செருகிப் படுத்துக்கொள்வது எவ்வளவோ மேல்.

படி 5: உருகும் நாள்

அன்று வீட்டைப் பூட்டிவிட்டு வெளியே போகாதீர்கள். வால்வை மூடியிருந்தால் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்து, கூரைப் பக்கம் காதை வையுங்கள். பிறகு எல்லாக் குழாய்களையும் மூடிவிட்டு மீட்டரைப் பாருங்கள். பல மீட்டர்களின் முகப்பில் குட்டி முக்கோணம் ஒன்று இருக்கும். அது அசையாமல் நின்றால் சரி. மெதுவாகச் சுற்றினாலும் எங்கோ ஒழுகுகிறது என்று அர்த்தம். வால்வை மறுபடி மூடிவிட்டு பிளம்பரைக் கூப்பிடுங்கள். எங்கள் வீட்டுக்கு பிளம்பர் வரப் பதினோரு நாள் ஆயிற்று.