பரவிய புற்றுநோயோடு வாழ்வோருக்கான குழு ஆராய்ச்சி: நிதி விண்ணப்பம் எழுதுவது எப்படி?

புற்று உடலில் பரவிவிட்ட பிறகும் பலர் மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் வாழ்கிறார்கள். அந்த நாட்களின் வலி, அசதி, மூச்சுத்திணறலைக் குறைக்கவும் தயங்காமல் நிதி கேளுங்கள். முன்னுதாரணம் இருக்கிறது. பரவிய நுரையீரல் புற்றுநோயாளிகள் 151 பேரை வைத்து 2010இல் வெளியான ஆய்வில், தணிப்புச் சிகிச்சையை (வலி போன்ற துன்பங்களைக் குறைக்கும் சிகிச்சை) ஆரம்பத்திலேயே சேர்த்துப் பெற்றவர்களின் வாழ்க்கைத் தரம் உயர்ந்தது. மீடியன் ஆயுளும் (பாதிப் பேர் தாண்டி வாழ்ந்த காலம்) அவர்களுக்கு 11.6 மாதம், மற்றவர்களுக்கு 8.9.

குழு ஆராய்ச்சி என்றால் பல துறையினர் ஒரே கேள்விக்காகச் சேர்ந்து உழைப்பது; எனவே முதலில் கேள்வியை ஒன்றாக்குங்கள். தனித்தனியாக நடக்கக்கூடிய நான்கு திட்டங்களை ஒரே உறைக்குள் போட்டு அனுப்புவதுதான் அடிக்கடி நடக்கும் தவறு. ஒரு குழுவை நீக்கிப் பாருங்கள். மற்றவர்களின் வேலை தடைபடவில்லை என்றால் அது குழு ஆராய்ச்சி அல்ல. எலும்பில் பரவிய புற்றின் வலியை எடுத்துக்கொண்டால், கதிர்வீச்சு மருத்துவர், பிசியோதெரபிஸ்ட், தணிப்புச் சிகிச்சை நர்ஸ், புள்ளியியலாளர் நால்வரும் அதே நோயாளிகளை, அதே நாட்களில் அளக்க வேண்டும்.

நோயாளிகளையும் கேள்வி உருவாகும்போதே குழுவில் சேர்த்துக்கொள்ளுங்கள், சம்பளத்தோடு. விண்ணப்பம் முடிந்தபின் கையெழுத்துக்கு மட்டும் அழைப்பது அவமதிப்பு. ஒருவர் போதாது, மூவராவது வேண்டும்: யாருக்கு எப்போது உடல்நிலை மோசமாகும் என்று சொல்ல முடியாது. வாரம் ஒருமுறை மருத்துவமனைக்கு வரச்சொல்லும் திட்டம் ஏன் நடக்காது என்பதை அவர்கள் முதல் கூட்டத்திலேயே சொல்லிவிடுவார்கள்.

அளவுகோலில் சிக்கனம் தேவை. புற்றுநோயாளிகளின் வாழ்க்கைத் தரத்தை அளக்கும் கேள்வித்தாளான கியூஎல்கியூ-சி30இல் 30 கேள்விகள். படுக்கையில் சாய்ந்தபடி, மருந்து மயக்கத்தில் நிரப்புபவருக்கு அது நீளம். தணிப்புச் சிகிச்சைக்கென்றே அதைச் சுருக்கிய சி15-பால் 15 கேள்விகளில் முடிந்துவிடும்.

ஆய்வில் எத்தனை நோயாளிகளைச் சேர்ப்பது என்ற எண்ணிக்கையில்தான் பலர் சறுக்குகிறார்கள். கடைசிவரை 120 பேர் தேவை, 30 சதவீதம் பேர் விலகக்கூடும் என்று வையுங்கள். 120உடன் அதன் 30 சதவீதத்தைக் கூட்டி 156 என்று எழுதினால், மிஞ்சுவது 109 பேர்தான். 120ஐ 0.7ஆல் வகுக்க வேண்டும்: 172. அதைவிடப் பெரிய ஆபத்து, மிகவும் முடியாமல் போனவர்களே முதலில் விலகுவது. மீதியிருப்பவர்களின் சராசரி, சிகிச்சை பலித்ததுபோல் காட்டும். எனவே ஒருவரின் கேள்வித்தாள் வராவிட்டால் 48 மணி நேரத்துக்குள் போன் செய்து, மறதியா, உடல்நலிவா, இறப்பா என்று காரணத்தைப் பதிய ஒருவரை நியமியுங்கள். அந்தச் சம்பளமும், புள்ளியியலாளரின் முதல் நாள் முதலான பங்கும் பட்ஜெட்டில் வரவேண்டும்.

காலக்கணக்கைக் கடைசி நாளிலிருந்து பின்னோக்கிப் போடுங்கள். 36 மாத நிதியில் பகுப்பாய்வுக்கு 4, கடைசி நோயாளியைத் தொடர்ந்து கவனிக்க 6, நெறிமுறைக் குழு அனுமதிகளுக்கு 6 போனால், ஆள் சேர்க்க 20 மாதமே மிச்சம். 172 பேர் என்றால் மாதம் 9 பேர். அத்தனை பேர் வருகிறார்களா என்பதற்கு மருத்துவரின் நினைவை நம்பாமல், கடந்த மூன்று மாதப் பதிவேட்டை எடுத்து, தகுதியுள்ளவர்களை ஒவ்வொருவராக எண்ணி, அந்த எண்ணையே விண்ணப்பத்தில் எழுதுங்கள்.