கழுத்து ரத்தக்குழாய் வீக்கம்: எம்ஆர்ஐக்குப் போகும்போது நான் பார்த்துக்கொள்பவை

என் வீட்டுக்காரருக்கு வலப்பக்கக் கழுத்தில், மூளைக்கு ரத்தம் கொண்டுபோகும் கரோட்டிட் குழாயின் உள்சுவர் கிழிந்து, அந்த இடம் பை போலப் புடைத்திருக்கிறது. சலூனில் கழுத்துச் சொடக்கு எடுத்த மூன்றாம் நாள் வலி வந்தது, வலது இமை தொங்கியது. அதனால்தானா என்று டாக்டர் உறுதியாகச் சொல்லவில்லை. இனி யார் கையிலும் கழுத்தைக் கொடுக்கக் கூடாது என்பதை மட்டும் கண்டிப்பாகச் சொன்னார்.

புடைப்பு தாடைக்குப் பின்னால், மண்டையோட்டை ஒட்டி மேலே இருப்பதால் அல்ட்ராசவுண்டில் சரியாகத் தெரியாது. சிடி ஸ்கேன் என்றால் ஒவ்வொரு முறையும் கதிர்வீச்சு. அதனால் 4 வருடமாக எம்ஆர்ஐதான்.

இரண்டாவது ஸ்கேனை வேறொரு சென்டரில் எடுத்தோம். முதலில் 9 மி.மீ. இருந்தது, 7 என்று ரிப்போர்ட் வந்தது. கோயிலுக்குப் போய்த் தேங்காய் உடைத்தேன். ஸ்கேன் படங்கள் பதிந்த இரண்டு சிடி தட்டுகளையும் போட்டுப் பக்கத்தில் வைத்துப் பார்த்த ரேடியாலஜிஸ்ட், "அளவு மாறவில்லை அம்மா, எடுத்த முறைதான் வேறு" என்றார். முதல் தடவை கையில் கான்ட்ராஸ்ட் மருந்து ஏற்றி எடுத்தது. அடுத்தது மருந்தில்லாத டைம் ஆஃப் ஃப்ளைட். அதில் ஓடுகிற ரத்தம்தான் வெள்ளையாகத் தெரியும். புடைப்புக்குள் ரத்தம் மெதுவாகச் சுழலும் இடம் மங்கிப்போகும், வீக்கம் சிறியதாகத் தோன்றும்.

அன்றிலிருந்து ஒரே சென்டர், முடிந்தவரை ஒரே மெஷின், ஒரே முறை. சீட்டு எழுதும்போதே டாக்டரிடம் "போன தடவை மாதிரியே, பழைய படத்தோடு ஒப்பிட்டு" என்று எழுதச் சொல்லுங்கள். பழைய ரிப்போர்ட்டை மட்டும் கொடுத்தால் போதாது. படங்கள் உள்ள சிடி தட்டையும் கொடுக்க வேண்டும். பிலிமில் எல்லாப் படமும் இருக்காது, அதனால் ஒவ்வொரு முறையும் சிடி கேட்டு வாங்கிவிடுங்கள்.

ஒரு நோட்டில் தேதி, மெஷினின் காந்த சக்தி 1.5 டெஸ்லாவா 3-ஆ, மருந்து ஏற்றினார்களா, புடைப்பின் நீள அகலம், உள்ளே ரத்தக்கட்டி உண்டா என்று எழுதி வருகிறேன். 1 மி.மீ. கூடினாலும் உடனே பதற வேண்டாம், அளவெடுப்பதிலேயே அவ்வளவு வித்தியாசம் வரலாம். ஒவ்வொரு ஸ்கேனிலும் தொடர்ந்து கூடிக்கொண்டே போனால்தான் டாக்டர் யோசிக்கிறார்.

மருந்து ஏற்றுவதென்றால் சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று காட்டும் கிரியாட்டினின் ரத்தப் பரிசோதனை ரிசல்ட்டைக் கையில் வைத்திருங்கள். வெள்ளி அரைஞாண், தாயத்து எல்லாவற்றையும் வீட்டிலேயே கழற்றிவிடலாம். உடம்பில் பேஸ்மேக்கரோ, ஆபரேஷனில் வைத்த உலோகக் கிளிப்போ இருந்தால் முன்பதிவின்போதே சொல்லுங்கள். உள்ளே படுத்திருக்கும்போது எச்சில் விழுங்கினால் கழுத்துப் படம் கலங்கும். சத்தம் நிற்கும் இடைவெளியில் விழுங்கிக்கொள்ளச் சொல்வேன். ரத்தம் கட்டாமல் இருக்கச் சாப்பிடும் ஆஸ்பிரினை ஸ்கேனுக்காக நிறுத்த வேண்டியதில்லை.

அப்புறம் ஒன்று. இந்த இடத்துப் புடைப்பு வெடிப்பது அபூர்வம், உள்ளே உறைந்த கட்டி மூளைக்குப் போவதுதான் பயம் என்றார் டாக்டர். வாய் கோணினாலோ, ஒரு கை தளர்ந்தாலோ, பேச்சு குழறினாலோ ஸ்கேன் தேதிக்குக் காத்திருக்காதீர்கள். நேரத்தைக் குறித்துக்கொண்டு உடனே 108-ஐ அழையுங்கள். நோட்டும் சிடியும் எங்கள் வீட்டில் வாசல் அலமாரியில் ஒரே பையில் இருக்கின்றன.